ஸ்கூல் தோட்டத்துக்கு செல்ஃப் வாட்டரிங் தொட்டி: வாங்கலாமா?

சிங்கப்பூர் ஸ்கூல்ல காய்கறி போடுறவங்களுக்கு மண்ணு, விதை, பூச்சி எல்லாம் அப்புறம்தாங்க, முதல் பிரச்சினையே சனி ஞாயிறுதான், அதுக்கு மேல ஜூன்ல நாலு வாரம் லீவு, வருஷக் கடைசியில ஆறு வாரம். பார்க்குல என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) வாடகைக்கு விடுற அலாட்மென்ட் பாத்தி (2.5 மீட்டருக்கு 1 மீட்டர்) எடுத்தவங்க பக்கத்து பிளாக்குலயே இருப்பாங்க, சாயங்காலம் ஒரு நடை போய் தண்ணி ஊத்திட்டு வந்துடலாம். ஸ்கூல் கேட்ட சாத்திட்டா உள்ள யாரு போறது? வெள்ளிக்கிழமை பச்சைப்பசேல்னு பாத்துட்டுப் போன தண்டுக்கீரை திங்கக்கிழமை சுருண்டு கெடந்தா பிரைமரி த்ரீ புள்ளைங்க முகத்த பாக்கவே முடியல. அதுக்காகத்தான் பேரண்ட் வாலண்டியர்ஸ் நாங்க சேந்து இந்தத் தொட்டிய வாங்கினோம். பிராண்ட் பேரு வேணாம், இதே டிசைன் ஆன்லைன்ல பல பேர்ல கிடைக்குது, விலை அம்பது வெள்ளி சொச்சம்.

அமைப்பு ரொம்ப சிம்பிள். அடியில தண்ணி நிக்கிற அறை, அதுக்கு மேல ஓட்டை போட்ட தட்டு, தட்டுல ரெண்டு மூணு இடத்துல கிண்ணம் மாதிரி கீழ இறங்கி தண்ணிக்குள்ள நிக்கும், அந்தக் கிண்ணத்துல இருக்குற மண்ணுதான் திரி. தண்ணி அது வழியா தானா மேல ஏறும். மூலையில ஒரு குழாய், அதுல தண்ணி ஊத்தணும், இன்னொரு மூலையில மிதவையோட ஒரு சிவப்புக் குச்சி, தண்ணி கொறைய கொறைய அது கீழ இறங்கும். பக்கவாட்டுல ஒரு ஓட்டை இருக்கு, ஜாஸ்தியான தண்ணி அது வழியா வெளிய போயிடும், அதனால டிசம்பர் மழையில வெளிய வெச்சிருந்தும் வேர் அழுகல. அந்த ஓட்டைக்கு ஒரு மூடி குடுப்பாங்க, வெளிய வெக்கிறதா இருந்தா அத கழட்டிடுங்க.

கங்கோங் கீரைக்கு இத விட நல்ல வீடு கிடையாது. அது தண்ணியிலயே வளர்ற செடி, போட்டு ஒரு மாசத்துக்குள்ள வெட்டலாம், அடியில ரெண்டு கணு விட்டு வெட்டினா திரும்பத் தழைக்கும். அறுவடை முடிஞ்சு தட்டைத் தூக்கிப் பாத்தப்போ வெள்ளை வெளேர்னு வேர் ஓட்டை வழியா தண்ணிக்குள்ள தொங்குது, புள்ளைங்க எல்லாம் முட்டி மோதி எட்டிப் பாக்குறாங்க, வேர் எதுக்குன்னு புத்தகத்துல படிச்சத கண்ணால பாத்தது அன்னைக்குத்தான். ஒரு பொண்ணு, "ஆன்ட்டி, இது ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சுதா?"ன்னு கேட்டுச்சு. அடுத்த வாரமே டீச்சர் கிளாஸ்ல கலர் தண்ணியில டிஷ்யூ பேப்பர் முனைய நனைச்சு, தண்ணி மேல ஏறுறத காட்டிட்டாங்க. தண்டுக்கீரை, சாய் சிம்ங்கிற சீனக் கீரை ரெண்டும் நல்லா வந்துச்சு. வெண்டைக்காய் வந்துச்சு, ஆனா அது தண்ணிய மடக் மடக்னு குடிக்கும், செடி பெருசானதும் ரெண்டு நாளைக்கே குச்சி அடியில போயிடுது, அதனால லீவுக்கு முன்னாடி வெண்டை வேணாம். கருவேப்பிலைய இதுல வெக்காதீங்க, அதுக்கு எப்பவும் ஈரக்கால் ஆகாது.

இப்ப கொறை சொல்லணும், ஸ்கூலுக்கு இது பெரிய விஷயம். தண்ணி ஊத்துற குழாய்க்கு மூடியே இல்ல! சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு மூடாத தண்ணிய ஸ்கூல்ல வெக்க முடியுமா? ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்குறதுக்கு ஒரு வாரம் போதும், லீவோ நாலு வாரம். விக்கிறவங்ககிட்ட மூடி கேட்டோம், தனியா கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. நாங்க ஹார்ட்வேர் கடையில பொடிக்கண்ணு கம்பி வலை வாங்கி குழாய் வாயில இறுக்கிக் கட்டினோம், குச்சி பக்கத்து இடுக்கையும் அடைச்சோம், ஓவர்ஃப்ளோ ஓட்டையிலயும் வலைதான், உள்ள கொசுப்புழுவக் கொல்ற பிடிஐ மருந்தும் போடுறோம். இத செய்யாம எந்த ஸ்கூலும் இந்தத் தொட்டிய வெளிய வெக்கவே கூடாது, டெங்கி விளையாட்டு இல்ல. மூடியோட வர்ற மாடல் ரெண்டு வெள்ளி ஜாஸ்தின்னாலும் அதையே வாங்குங்க.

அப்புறம் மண்ணு. தோட்டத்துச் செம்மண்ண அப்படியே கொட்டினா கிண்ணத்துல இறுகிப் போய் தண்ணி சரியா ஏறாது. தேங்காய் நார்த்தூள், கம்போஸ்ட், கொஞ்சம் பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்லுத் துணுக்கு) கலந்து லேசா இருக்கணும். விதை போட்ட முதல் ரெண்டு மூணு வாரம் மேலயும் தண்ணி தெளிக்கணும், குட்டி வேர் அடியில இருக்குற ஈரம் வரைக்கும் எட்டாது, பெட்டியில இத ஒரு வரி கூட போடல. உரத்தக் கொஞ்சமா போடுங்க, தண்ணி கீழ இருந்து மேல வர்றதால உப்பு மேல் மண்ணுல வெள்ளையா படிஞ்சுடும், கூரைக்கு அடியில இருக்குற தொட்டின்னா அப்பப்ப மேல இருந்து நல்லா தண்ணி விட்டு அலசணும், மழையில நனையிறதுக்கு அந்த வேலை இல்ல.

வெயில் இல்லாத இடத்துல எந்தத் தொட்டி வாங்கியும் பிரயோஜனம் இல்லீங்க. ரெண்டு பிளாக்குக்கு நடுவுல இருக்குற இடத்துல வெச்சது நெடுநெடுன்னு மெலிஞ்சு சாஞ்சு போச்சு. கீரைக்கு நாலு மணி நேரம் நேரடி வெயில் வேணும், வெண்டை கத்திரிக்கு ஆறு மணி நேரம். இடத்த மாத்தணும்னா தண்ணியும் மண்ணும் நெறஞ்சத அசைக்கவே முடியாது, அதனால சக்கரம் வெச்ச மாடலா பாருங்க.

ஜூன் லீவு முழுக்க தாங்குமான்னு கேட்டா, தாங்காது. கங்கோங்க லீவுக்கு முன்னாடி ஒட்ட வெட்டி விட்டுட்டு, இலை கம்மியா இருக்கும்போது தண்ணிய நெரப்பினா ஒரு வாரம் போகும், அதுக்கப்புறம் யாராவது வந்து நெரப்பித்தான் ஆகணும். எங்க ஸ்கூல்ல தோட்ட வேலை பாக்குற அங்கிள் வாரத்துக்கு ஒரு தடவ நெரப்ப ஒத்துக்கிட்டாரு, பழைய பாத்தின்னா தினமும் அவர கேக்க வேண்டியிருக்கும். சனி ஞாயிறு பிரச்சினை மட்டும் சுத்தமா போயிடுச்சு, அதுக்கே அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், மூடி இல்லாததுக்கு ஒரு ஸ்டார் கொறைச்சிருக்கேன். அடுத்த டெர்முக்கு இன்னும் ரெண்டு வாங்கப் போறோம், மூடி இருக்குற மாடலா.