கார் மெக்கானிக் ஆக மூன்று வழிகள்: கம்யூனிட்டி காலேஜா, தனியார் பள்ளியா, நேராகப் பட்டறையா?

கோவையில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, திருமணத்துக்குப் பிறகு கலிபோர்னியாவின் சான் ஹோசேக்கு வந்து, நான்கு ஆண்டுகள் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்த பின், முப்பத்திரண்டாம் வயதில் கார் பழுதுபார்க்கும் தொழிலுக்கு மாறியவன் நான். முடிவைச் சொன்னபோது, “அமெரிக்கா போயும் ஸ்பேனர்தான் பிடிக்கப் போறீங்களா மாப்ள?” என்று மாமனார் தொலைபேசியில் கேட்டார். அவருடைய கவலை அது. என் கவலை, தொழிலுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்பது. அரசு நிதியில் நடக்கும் கம்யூனிட்டி காலேஜ், தனியார் தொழிற்பள்ளி, எதுவும் படிக்காமல் நேராக டீலர்ஷிப்பில் ஆயில் மாற்றும் ஆளாகச் சேர்வது என மூன்று வாசல்கள் இருந்தன. நான் முதலாவதில் நுழைந்தவன் என்பதால், இங்கே நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

நேராக வேலைக்குச் செல்வதன் கவர்ச்சி வெளிப்படையானது: முதல் நாளிலிருந்தே சம்பளம். அதன் சிக்கல் சம்பள முறையில் ஒளிந்திருக்கிறது. பல பட்டறைகளில் அனுபவமுள்ள மெக்கானிக்குக்குக் கடிகார நேரத்துக்குக் கூலி கிடையாது. ஒரு வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று புத்தகத்தில் உள்ள கணக்குக்குத்தான் கூலி. ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும் பிரேக் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்தால் அவருக்கு லாபம். பக்கத்தில் நிற்கும் புதியவனுக்கு விளக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் இழுத்தால் நஷ்டம். கற்றுத்தர மனமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன், கற்றுத்தருவதற்குத் தம் பையிலிருந்து விலை கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். அதனால்தான் மூன்று ஆண்டுகள் கழித்தும் ஆயிலும் டயரும் மட்டுமே மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க முடிகிறது.

தனியார் பள்ளியில் நான் படித்ததில்லை. அங்கே படித்து இப்போது என்னோடு வேலை செய்யும் இருவர் சொன்னதையும், சேர்வதற்கு முன் நான் விசாரித்ததையும் வைத்தே எழுதுகிறேன். சுமார் ஓராண்டில் படிப்பு முடிந்துவிடுகிறது, நாள் முழுவதும் கார்களோடுதான் இருக்கிறார்கள், கருவிகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பெரிய பள்ளிகளில் கட்டணம் 30,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. பெரும்பாலோர் அதைக் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். வயோடெக் உட்படப் பல தொழிற்பள்ளிகளை நடத்திவந்த கொரிந்தியன் காலேஜஸ் நிறுவனம் 2015-ல் திவாலானபோது, படிப்பு பாதியில் நின்றுபோன மாணவர்களின் செய்தி இந்த வட்டாரத்தில் இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது.

கம்யூனிட்டி காலேஜில், கலிபோர்னியாவில் ஓராண்டாவது முறைப்படி வசித்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். நாற்பது யூனிட் கொண்ட சான்றிதழ்ப் படிப்பு என்றால் 1,840 டாலர். புத்தகம், வண்டி நிறுத்தும் கட்டணம் போன்றவை தனி. வெளிமாநிலத்தவருக்கும் மாணவர் விசாவில் வருபவர்களுக்கும் இது பல மடங்கு கூடும் என்பதால், அவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் படிப்புக்கு, மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் ஏ.எஸ்.இ. அமைப்பின் கல்வி அறக்கட்டளை தரும் அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது. அடிப்படைப் பராமரிப்பு நிலைக்கு 540 மணி நேரப் பயிற்சி போதும். மாஸ்டர் நிலைக்கு 1,200 மணி நேரம் வேண்டும். பிறகு ஏ.எஸ்.இ. சான்றிதழுக்குத் தேவைப்படும் இரண்டாண்டு அனுபவத்தில், இந்தப் படிப்பைக் காட்டி ஓராண்டு வரை குறைத்துக்கொள்ளலாம்.

அங்கே எனக்குக் கிடைத்தது நிதானம். இரண்டாம் பருவத்தில், மெதுவாகச் சுற்றி ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய கொரோலா ஒன்றை எங்கள் முன் நிறுத்தினார்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்ததால், ஸ்டார்ட்டர்தான் போயிருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம். ஆசிரியர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 0.9 காட்டியது. எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால், அடியில் மின்சாரத்தைத் தடுக்கும்படி பெயின்ட் அடித்த வாஷர் ஒன்றை அவரே வைத்திருந்தார். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பட்டறையில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது பாடமோ ஆசிரியரோ அல்ல, டூல் பாக்ஸ். அமெரிக்காவில் மெக்கானிக் தன் கருவிகளைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை, இத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நம்புவதே இல்லை. லிப்டும் பெரிய ஸ்கேனரும் முதலாளியுடையவை. சாக்கெட், ராட்செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், அவற்றை வைக்கும் பெட்டி எல்லாம் நம்முடையவை. குறைந்தபட்சக் கூலியைப் போல இரு மடங்காவது தந்தால்தான் கைக்கருவிகளைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று கலிபோர்னியாவில் விதி உண்டு. 2025-ன் கணக்கில் அது மணிக்கு 33 டாலர். விதி அப்படியிருந்தாலும், சொந்தக் கருவி இல்லாதவன் கையில் நல்ல வேலை வந்து சேர்வதில்லை. வாரம் ஒருமுறை கருவி விற்கும் டூல் டிரக் பட்டறை வாசலில் வந்து நிற்கும். கையில் காசில்லாவிட்டாலும் கருவியைக் கொடுத்துவிட்டு, வாரத் தவணையாக வாங்கிக்கொள்வார்கள். நம்மூர்த் தண்டல்தான், வண்டி மட்டும் பெரியது.

இந்தக் கடனிலிருந்து தப்புவது கடினம். புதியவனின் வருமானம் குறைவாக இருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில், படிப்புக் கடனின் மாதத் தவணையும் கருவிக் கடனின் வாரத் தவணையும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை தனியார் பள்ளியில் படித்த அந்தச் சக ஊழியர்களில் ஒருவரிடம் பார்த்தேன். வேலையில் என்னைவிட வேகமானவர். ஆனாலும் சனிக்கிழமைகளில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறார். கல்லூரி என்னிடம் வாங்கிய தொகை சிறியது என்பதால், மிச்சத்தைக் கருவிக்கு ஒதுக்க முடிந்தது. மாணவராக இருக்கும்போதே ஸ்னாப்-ஆன் போன்ற நிறுவனங்கள் தரும் தள்ளுபடியில் முதல் தொகுப்பை ரொக்கத்துக்கு வாங்கினேன். பெட்டியோ, ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து கிடைத்த பழையது. இந்தத் தள்ளுபடி தனியார் பள்ளி மாணவர்களுக்கும் உண்டுதான், ஆனால் கட்டணத்தையே கடனில் கட்டியவரிடம் ரொக்கம் எங்கிருந்து வரும்?

என் வழியில் குறைகளும் உண்டு. மாலை வகுப்புகளில் இடம் கிடைக்காமல் ஒரு பருவம் முழுவதும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தேன். ஓராண்டில் முடிந்திருக்கக்கூடிய படிப்பு இரண்டரை ஆண்டுகள் இழுத்தது. பயிற்சிக் கார்களில் பெரும்பாலானவை பத்து வயதைத் தாண்டியவை. குடும்பப் பொறுப்பு இல்லாத, கட்டணத்தைக் கடனின்றிக் கட்டக்கூடிய பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தனியார் பள்ளியின் வேகம் சரியாக இருக்கலாம். டொயோட்டாவின் டி-டென் போல உற்பத்தியாளரே சில கம்யூனிட்டி காலேஜ்களோடு சேர்ந்து நடத்தும் படிப்பில் இடம் கிடைப்பவர், என் வழியைவிடவும் அதையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் என் கை இன்னும் பழகவில்லை. உயர் மின்னழுத்தப் பாடத்தை அடுத்த பருவத்தில் அதே கல்லூரியில் மாலை வகுப்பாக எடுக்கப் பதிந்திருக்கிறேன்: மூன்று யூனிட், 138 டாலர்.