இடுப்பு வலிக்கு கரண்ட் மெஷின்: 18,500 ரூபாய் போச்சு

தருமபுரி பக்கம் கல்யாண மண்டபத்துல 'இலவச இடுப்பு வலி முகாம்'னு நடத்துறாங்க. போகாதீங்க. போன வாரம் எங்க அம்மாகிட்ட 18,500 ரூபாய் வாங்கிட்டாங்க. குடுத்தது சாதாரண டென்ஸ் மெஷின், அதாவது தோல்ல பேட் ஒட்டி லேசா கரண்ட் விடுற வலி மெஷின்.

அம்மா நம்பின நேரத்தைச் சொல்றேன். முகாம்காரன் குப்புறப் படுக்க வச்சு, தண்டுவடத்துக்கு ரெண்டு பக்கமும் பேட் ஒட்டி, குமிழைத் திருகி இருபது நிமிஷம் விட்டான். "இப்ப நடங்கம்மா, வலி எங்க?" முட்டியில கை ஊனாம நடந்தாங்க. சுருக்குப் பை அவிழ்ந்துடுச்சு. அந்த ஆறுதல் பொய் இல்லை, அதுதான் கொடுமை. தோல்ல ஓடுற கரண்ட் தொடு உணர்வு நரம்பை எழுப்பி, வலி மேல ஏறாம தண்டுவடத்துலயே மறிக்கும். 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிகள் சொன்ன வாசல் கோட்பாடு இது. மெஷினை நிறுத்தினா வாசல் திறந்துக்கும். பாலக்கோடு வந்து பஸ்ஸை விட்டு இறங்குறப்பவே அம்மாவுக்கு வலி வந்துடுச்சு.

"ஃபுளோரைடு தண்ணி குடிச்சு வந்த வலி, 40 நாள்ல எலும்புல இருந்து இறங்கிடும்"னானாம். தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருக்குற நம்ம மாவட்டத்துல இந்தப் பேச்சுக்கு யார்தான் விழ மாட்டாங்க? எலும்புல படிஞ்ச ஃபுளோரைடை எந்தக் கரண்டும் கரைக்காது. விலகின ஜவ்வையும் உள்ள தள்ளாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமா டென்ஸ் குடுக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே 2023ல சொல்லிடுச்சு.

மெஷினாவது ஒழுங்கா? 80-100 ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு அத்தனை துடிப்பு), சுள்ளுனு குத்தாம குறுகுறுன்னு இருக்கணும். இதுல ஹெர்ட்ஸே போடலை, 1 முதல் 6 வரை எண்தான். பேட் 5 சென்டிமீட்டர் சதுரம் இருக்கணும், இது பாதிகூட இல்லை. நாலாம் நாள் பசை காஞ்சு ஓரம் தூக்கிக்கிச்சு. ஒட்டியிருந்த துளி இடத்துலயே மொத்த கரண்டும் பாய்ஞ்சு, இடுப்புல ரெண்டு சிவப்புத் தழும்பு.

போன் பண்ணினா, "எண்ணெய் தடவி ஒட்டினீங்களா?" அடுத்த நாள், "விஷம் இறங்குது, அப்படித்தான் சிவக்கும்." அப்புறம், "சார் சேலம் கேம்ப்ல இருக்காரு." இப்ப சுவிட்ச் ஆஃப். 18,500 ரூபாய்க்கு பில் கேட்டதுக்கு துண்டுச் சீட்டுதான் குடுத்திருக்காங்க.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. உரிம எண் அச்சிடாத மெஷினைத் தொடாதீங்க. பேஸ்மேக்கர் வச்சவங்க, கர்ப்பிணிகள், தோல் மரத்துப் போன சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காம ஒட்டவே கூடாது. கால் துவண்டாலோ மூத்திரம் அடைச்சாலோ மெஷினைத் தேடாம அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஏமாந்தவங்க நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க, அந்தத் துண்டுச் சீட்டைக் கிழிச்சுடாதீங்க. அடுத்த முகாம் அரூர்லனு அவனே அம்மாகிட்ட சொல்லியிருக்கான்.