நகையைக் கொடுத்தால் அடகுச் சீட்டு யார் பேரில் என்று பாருங்கள்

2024 ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளுக்கான சீர் அது. சொந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் கழுத்தில் கவரிங் ஆரமும் கையில் கவரிங் வளையலும் போட்டு நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வளையல்கள், அம்மா இரண்டு எருமையை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசில் எனக்குப் போட்டவை.

ஆரம் 7 பவுன், வளையல் 4 பவுன், மொத்தம் 11 பவுன். எப்படிப் போனது என்று முழுதாக எழுதுகிறேன். இதே நிலைமையில் இப்போது யாராவது இருக்கலாம், அவர்களுக்காக.

நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன். அவருடைய பெரியப்பா மகனுக்குக் கோபிக்குப் பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நிலம். எனக்கு மச்சாண்டார் முறை, மாமா என்றுதான் கூப்பிடுவேன். 2021 தேர்தலுக்கு முன்னால், மார்ச் மாதம், வீட்டுக்கு வந்தார். மஞ்சள் வெட்டியாகிவிட்டது, விலை இன்னும் ஏறும் போலிருக்கிறது, இப்போது விற்றால் நட்டம். வெட்டுக் கூலிக்கும் அடுத்த நடவுக்கும் 2 லட்சம் வேண்டும் என்றார்.

பணம் எங்களிடம் இல்லை. அப்போதுதான் நகைப் பேச்சு வந்தது. "உன் நகை பீரோவுல சும்மாதான அம்மிணி கெடக்குது. நாலு மாசம். சொசைட்டில 5 பவுன் வெச்சா தள்ளுபடியே ஆனாலும் ஆயிரும், எல்லாத்துக்கும் லாபம்" என்றார். கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடி என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

நான் உள்ளே போய் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கலாமுங்களா?" என்றேன். "எங்கண்ணன்கிட்ட எழுதி வாங்கச் சொல்றியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் அதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்கு இன்னும் ஒரு தடவை பேசியிருக்க வேண்டும். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அப்பா இல்லாத பையனை அந்த அண்ணன்தான் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்த மனிதரிடம் காகிதத்தை நீட்ட இவருக்குக் கை வரவில்லை. அந்தக் கூச்சம்தான் மாமாவுக்கு வசதியாகிவிட்டது.

நகையை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தேன். எடை போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை, எங்கே வைக்கிறார் என்றும் கேட்கவில்லை.

நாலு மாதம் போனது. மஞ்சளை விற்கவில்லை என்றார். அந்த வருடம் நவம்பரில் தள்ளுபடிக்கு அரசாணை வந்தது. கேட்டதற்கு, பட்டியலில் பேர் வரவில்லை என்றார். அது பொய் என்று பிறகுதான் தெரிந்தது. சொசைட்டியில் அவர் ஒரு கிராம்கூட வைக்கவே இல்லை. ஒரு குடும்பத்துக்கு மொத்தமே 5 பவுன், அதாவது 40 கிராமுக்குள் வைத்தவர்களுக்குத்தான் அந்தத் தள்ளுபடி. எங்கள் 11 பவுனும் முதல் நாளிலேயே ஒரு தனியார் நகைக் கடன் நிறுவனத்துக்குப் போயிருந்தது. 2 லட்சம் போதும் என்றவர் 2 லட்சத்து 75 ஆயிரம் வாங்கியிருந்தார். சீட்டு அவர் பேரில், போன் நம்பரும் அவருடையது.

இதில் எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. பவுன் விலை ஏறினால் நகைக்குச் சொந்தக்காரருக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். நகை அடுத்தவர் பேரில் அடகில் இருந்தால் நடப்பதே வேறு. விலை ஏற ஏற அதே நகைக்குக் கூடுதல் பணம் கிடைக்கும். வருடா வருடம் அவர் கடனை மாற்றி வைத்திருக்கிறார். அப்போது கிடைத்த புதுப் பணத்தில் பழைய வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார். கையிலிருந்து ஒரு ரூபாய் வட்டி கட்டாமலே கடன் 2023-இல் மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த மூன்று வருடமும் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். "நகை பத்தரமா இருக்குது அம்மிணி" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

தம்பி கல்யாணம் குறித்ததும் நகையைக் கேட்டேன். முதலில் அடுத்த வாரம் என்றார், அப்புறம் மேனேஜர் லீவு என்றார், அப்புறம் போனே எடுக்கவில்லை. வீட்டுக்காரர் விசாரித்து அந்தக் கடன் ஆபீஸுக்கே போனார். சீட்டு யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் தகவல் சொல்வோம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் கணக்கில் அந்த நகைக்குச் சொந்தக்காரர் மாமாதான். கடைசியில் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அழுதுகொண்டே காகிதங்களை எடுத்துக் காட்டினார். ஆனி மாதமே ஏலம் போயிருக்கிறது. நோட்டீஸ் எல்லாம் அவர்கள் விலாசத்துக்கு வந்திருக்கிறது. கடனும் வட்டியும் போக மிஞ்சிய ஒரு லட்சத்துக்கு மேல் தொகையும் விதிப்படி சீட்டுக்காரருக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதையும் அவர் வாங்கிச் செலவு செய்திருந்தார்.

எனக்கு அங்கேதான் மனது விட்டுப் போனது. ஏலம் போனதை, கஷ்டம், கட்ட முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். மிஞ்சிய பணத்தை வாங்கும்போதாவது அது யாருடையது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

கல்யாணம் முடிந்ததும் வக்கீலைப் பார்த்தோம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுடைய தனிச் சொத்து, கணவனுக்கே அதில் உரிமை கிடையாது, 2024 ஏப்ரலில்கூட உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியிருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: பில் இருக்கிறதா, நகை போட்ட போட்டோ இருக்கிறதா, கொடுத்ததற்கு என்ன ஆதாரம்? எங்களிடம் இருந்தது கல்யாண ஆல்பமும், "நகை பத்தரமா இருக்குது" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு குரல் பதிவும்தான். அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் ஸ்டேஷனில் புகாரை வாங்கி, வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் பஞ்சாயத்து. இத்தனை வருடம் எங்கே இருந்தார்களோ தெரியாது, புகார் கொடுத்த மறுநாளே பத்துப் பேர் வந்துவிட்டார்கள். "பங்காளிக்குள்ள போலீஸா" என்று என்னைத்தான் கேட்டார்கள். மாமா ஒரு கணக்குச் சொன்னார். வாங்கிய அன்று பவுன் 34 ஆயிரம், 11 பவுனுக்கு 3 லட்சத்து 74 ஆயிரம், அதைத் தருகிறேன் என்றார். பேசிய அன்று பவுன் 54 ஆயிரத்துக்கு மேல். கிட்டத்தட்ட 6 லட்சம் ரூபாய் நகை. நான் கொடுத்தது பணம் இல்லை, பவுன். பவுனாகத் திருப்பித் தரட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "வெலை ஏறுனது அவன் தப்பா கண்ணு?" என்றார் ஒரு பெரியவர். கடைசியில் 4 லட்சத்து 60 ஆயிரம் என்று முடித்தார்கள், தவணையில். 2025 ஏப்ரலில் பவுன் 70 ஆயிரத்தைத் தாண்டியபோது அந்தத் தொகைக்கு 7 பவுன்கூட வராது. செய்கூலி, சேதாரம் தனி.

இந்தத் தடவை புரோ நோட்டு எழுதி வாங்கினோம். வக்கீல் சொன்னது எல்லாருக்கும் பயன்படும்: நோட்டு எழுதிய தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும், விட்டால் காலாவதி. இடையில் பணம் கொடுக்கும்போதெல்லாம் நோட்டின் பின்பக்கம் தொகையும் தேதியும் எழுதி அவர் கையெழுத்தை வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம் கிடைக்கும். இதுவரை வந்தது 1 லட்சத்து 20 ஆயிரம். ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். அதை வாங்குவது என் வீட்டுக்காரர்தான், நான் சொல்லாமலே.

சொந்தத்துக்கு உதவ வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நகையைத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் நீங்களே போய் உங்கள் பேரில், உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். பணத்தை அவர்கள் கையில் கொடுங்கள். வட்டி கட்டச் சொல்லும் செய்தி உங்களுக்கு வரும், உங்கள் கையெழுத்து இல்லாமல் கூடுதல் பணம் வாங்க முடியாது, நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். கட்டாமல் விட்டாலும் நீங்கள் பாடுபட்டாவது திருப்பிக்கொள்ளலாம். எழுதி வாங்கினால் ரூபாயில் எழுதாதீர்கள், இத்தனை கிராம் 22 கேரட் என்று எடையில் எழுதுங்கள். நகையைத் தராசில் வைத்தே போட்டோ எடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், அடகுச் சீட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி இன்றைக்கே கேளுங்கள். யார் பேரில், எத்தனை கிராம், எவ்வளவு கடன், கடைசித் தேதி என்ன, எல்லாம் அதில் இருக்கும். "என்னை நம்பலையா" என்று பதில் வந்தால் பஸ் ஏறி நேரில் போய்க் கேளுங்கள். நான் அந்தப் பதிலைக் கேட்டு மூன்று வருடம் சும்மா இருந்தேன்.

எங்களுக்கு அடுத்த தவணை தை மாதம், மஞ்சள் வெட்டும் சமயம். வாங்கப் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.