ஓலைப் பெட்டியும் ஒரு போன் நம்பரும்: ஆறு வருட இணைய விற்பனை அனுபவம்

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து என் சித்தி மகள் கூப்பிட்டாள். “அக்கா, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலா ஓலைப் பெட்டி குடுக்கலாம்னு இருக்கோம். உங்க அத்தை முடைஞ்சு தருவாங்களா?” நான் வாழ்க்கைப்பட்ட ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கம். அத்தை பனை ஓலையில் கருப்பட்டிப் பெட்டி முடைந்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். 150 பெட்டி போயிற்று. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் “இது எங்கே வாங்கினது?” என்று கேட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். கடை ஆரம்பித்தது அப்படித்தான். இன்று அத்தையோடு சேர்த்து ஐந்து பேர் முடைகிறார்கள். போட்டோ, பதில், பார்சல் மூன்றும் என் பாடு.

எதையெல்லாம் பயன்படுத்திப் பார்த்தாய், எது நிலைத்தது, எது காசைத் தின்றது என்று மண்பாண்டம் செய்யும் தோழி ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்காக எழுதுகிறேன், உங்களுக்கும் உதவினால் சந்தோஷம்.

காசைத் தின்றதை முதலில் சொல்லிவிடுகிறேன். “வெப்சைட் இல்லாத கடையை யார் நம்புவார்கள்?” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, 2021-ல் மாதச் சந்தாவில் இணையக் கடை அமைத்துத் தரும் ஒரு சேவையில் சேர்ந்தேன். சந்தா ஒரு பக்கம், டிசைன் செய்த பையனுக்கு ஒரு தொகை, பணம் வாங்கும் வசதிக்கு ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பிடித்தம். ஒரு வருடத்தில் அதன் வழியாக வந்த ஆர்டர் பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் ஒன்பது பேர் பொருளைப் பார்த்துவிட்டு, கீழே இருந்த நம்பருக்கு வந்து, “மூடி இறுக்கமா இருக்குமா? சாயம் கையில ஒட்டுமா?” என்று கேட்டு, அங்கேயே பணமும் அனுப்பியவர்கள். தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி ஆயிரம் சட்டை வைத்திருப்பவருக்கு அது தேவைதான். கையால் முடைந்த பெட்டி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வாங்குகிறவருக்குக் கேள்வி இருக்கும், பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று ஆன பிறகு நடுவில் இன்னொரு கடை எதற்கு? சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

அப்போதிலிருந்து என் கடை என்றால் அது வாட்ஸ்அப் பிசினஸ்தான். 2018-ல் வந்த செயலி. பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிவைக்கும் கேட்டலாக் வசதி 2019 கடைசியில் சேர்ந்தது. 500 பொருள் வரை போடலாம். என்னிடம் இருப்பது 34. வீட்டு நம்பரில் ஆரம்பிக்காதீர்கள், தனி சிம் வாங்கிவிடுங்கள். ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு கட்டப் பாதுகாப்புக்கான ரகசிய எண்ணையும் (பின் நம்பர்) போட்டுவிடுங்கள். அந்த நம்பர் போனால் கடையே போன மாதிரி.

கேட்டலாக்கில் முதலில் எல்லோரையும் போல “6 × 6 × 4 அங்குலம்” என்று எழுதினேன். அப்படியும் தினமும் “எவ்ளோ பெருசு?” என்று கேள்வி வரும். ஒருநாள் நான் சலித்துக்கொண்டதைப் பார்த்து அத்தை சொன்னார்: “அங்குலம் என்னத்துக்குட்டி? தேங்கா நிக்குமா நிக்காதான்னு எழுது.” அன்றைக்கே மாற்றினேன். ‘ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்து மூடலாம்.’ ‘கால் கிலோ லட்டு பிடிக்கும்.’ ‘ஜாக்கெட் துணி மடித்து வைக்கலாம், தேங்காய் வைக்க முடியாது.’ படத்திலும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் உட்கார்ந்திருக்கும். அளவு கேட்டு வரும் செய்தி ஏறக்குறைய நின்றுவிட்டது. எழுதிப் பார்த்த விளம்பர வாசகம் எதுவும் இந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

விலையையும் மறைக்காமல் போட்டுவிடுங்கள். “விலைக்கு இன்பாக்ஸ் வரவும்” என்று எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். மற்றபடி ஒவ்வொரு உரையாடலுக்கும் பெயர் ஒட்டிவைக்கும் லேபிள் வசதியில் ‘விசாரணை’, ‘முன்பணம் வந்தது’, ‘முடைகிறார்கள்’, ‘அனுப்பியாச்சு’ என்று நாலு மட்டும் வைத்திருக்கிறேன். கணக்கு நோட்டு அதுதான்.

படம் எடுக்க போன் கேமரா போதும். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் திண்ணையில், வெயில் நேராக விழாத இடத்தில், பின்னால் அத்தானுடைய வெள்ளை வேட்டி. ஃபிளாஷ் போட்டால் ஓலையின் பின்னல் தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி தெரியும். நிறத்தை அழகாக்கும் ஃபில்டரை ஒருமுறை போட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன். “படத்தில் குங்குமச் சிவப்பு, வந்தது செங்கல் சிவப்பு” என்று மதுரையிலிருந்து ஓர் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கேட்டது நியாயம். இப்போது சாயப் பெட்டி என்றால் வெளிச்சத்தில் ஒன்று, நிழலில் ஒன்று என இரண்டு படம் போடுகிறேன். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் சாயம் வெளுக்கும், குருத்தோலையின் வெளிர் நிறம் போகப் போகப் பழுப்பேறும் என்றும் எழுதிவிடுகிறேன். அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்புவதில்லை.

இன்ஸ்டாகிராம்? வைத்திருக்கிறேன். ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2020 ஜூலையில். அந்த வருடமே அத்தை ஓலை வாரும் முப்பது விநாடி வீடியோ ஒன்று போட்டேன். ஈர்க்கை உரித்து, ஓலையை ஒரே அகலத்தில் கிழிக்கிற அந்தக் கை வேகம் யாரையும் நிறுத்திப் பார்க்க வைக்கும். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். இரண்டு நாள் போன் சூடு ஆறவில்லை. எல்லாம் “ரேட் ப்ளீஸ்”. ஆர்டர் ஆறு. பார்க்கிறவர் வேறு, வாங்குகிறவர் வேறு என்பதை அன்று புரிந்துகொண்டேன். ஆனாலும் விட்டுவிடவில்லை. ஒருவர் எங்கள் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடி வரும்போது, கை வேலை உண்மையிலேயே நடக்கிறது என்று காட்ட அந்தப் பக்கம் உதவுகிறது. வாரம் ஒரு வீடியோ, கீழே வாட்ஸ்அப் இணைப்பு. அதற்கு மேல் அங்கே நேரம் செலவழிப்பதில்லை.

உண்மையான வியாபாரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பார்சலுக்குள் வைக்கும் ஒரு துண்டுச் சீட்டிலிருந்து. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் உண்டு, ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் ஒரு வருடம் காற்றில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது சீட்டில் இப்படி அச்சடித்திருக்கிறேன்: “இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டே செய்திதான் அனுப்புவோம்.” சொன்னபடி இரண்டுதான். ஆடி நடுவில் ஒன்று, மார்கழி பிறந்ததும் ஒன்று. ஆவணியிலும் தையிலும் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தாம்பூலத்துக்கு என்ன கொடுப்பது என்று யோசிப்பது அப்போதுதான். ஆவணி பிறந்த பிறகு சொன்னால் யாருக்கும் பயனில்லை. 200 பெட்டி முடைய எங்களுக்கும் நாள் போதாது. வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா எல்லாம் இடையில் வரும். ஆனால் வருடத்தின் பாதிக்கு மேற்பட்ட வருமானம் இந்த இரண்டு செய்திகளுக்குப் பிறகு வருவது.

பணம் வாங்குவதற்கு யுபிஐ. அதற்கென்று செலவு இல்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இன்னொரு வகை உண்டு. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, விலையே பேசாமல் நூறு பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பார்கள். முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் போடவே வேண்டியதில்லை. அதைக் கேட்டாலே நம் காசு வெளியே போகிறது என்று அர்த்தம். எனக்கு இரண்டு தடவை இந்த அழைப்பு வந்திருக்கிறது. முதல் தடவை ஸ்கேன் வரைக்கும் போய்விட்டேன், பக்கத்தில் இருந்த மகன் போனைப் பிடுங்கினான்.

இனி பார்சல். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பல கூரியர்களில் எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, இடத்துக்கும் வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற கிலோ, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. 30 × 30 × 25 அளவுள்ள ஓலைக் கூடை ஒரு கிலோகூட இருக்காது. ஆனால் 22,500-ஐ 5000-ஆல் வகுத்தால் நாலரைக் கிலோ! உள்ளே இருக்கும் காற்றுக்குக் காசு. ஆகவே நாங்கள் விற்கிற பொருளையே மாற்றவேண்டி வந்தது. ஒன்றுக்குள் ஒன்று போகிற அடுக்குப் பெட்டி, தட்டையாகக் கிடக்கும் விசிறி, டம்ளருக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டு, புத்தகத்தில் வைக்கும் ஓலை. இவைதான் தூர ஊருக்கு. தாம்பூலப் பெட்டியைக்கூட அளவில் நூல் நூலாக வித்தியாசம் வைத்து, மூடியைத் தனியே கழற்றி அடுக்குகிறோம். கடகம் என்கிற பெரிய ஓலைக் கூடை எவ்வளவு அழகாக இருந்தாலும் நேரில் வருகிறவர்களுக்கு மட்டும். அத்தைக்கு இதில் வருத்தம்தான். அவர் கை நன்றாக விழுவது கடகத்தில்.

மழைக்காலத்தில் ஒரு பெரிய தப்புச் செய்தேன். ஐப்பசியில் பெங்களூருக்கு நாற்பது பெட்டி. நனையக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றி அனுப்பினேன். ஓலைக்குள் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், திறக்கும்போது பாதிப் பெட்டியில் பூசணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் எடுத்தாலும், “வெயில் பார்த்துத்தான் அனுப்புவேன், தேதி உறுதி சொல்ல முடியாது” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுவதற்குச் செய்தித்தாள், வெளியே அட்டைப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம்.

இலவசம் என்றால் நிரந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெரிய நிறுவனம் சும்மா தந்த ஒரு பக்கத் தளம் என்னிடம் இருந்தது. அந்த முகவரியை அச்சடித்து 500 கார்டும் போட்டுவிட்டேன். 2024 மார்ச்சில் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள். கார்டுகளின் பின்பக்கத்தில் அத்தை இன்னமும் பால் கணக்கு எழுதுகிறார். அதற்குப் பிறகு ஒரு டொமைன் பெயர், அதாவது எனக்கென்று ஒரு இணைய முகவரி, மட்டும் வாங்கினேன். தளம் எதுவும் இல்லை, தட்டினால் நேராக வாட்ஸ்அப் கேட்டலாக்குக்குப் போகும். நாளைக்குக் கடையை வேறு எங்கே மாற்றினாலும் அந்தப் பெயர் மாறாது. காசு கொடுத்து வைத்திருக்கும் இணையச் சமாச்சாரம் இப்போது இது ஒன்றுதான்.

பெரிய சந்தைத் தளங்களில் விற்கலாமே என்று கேட்பீர்கள். கைவினைப் பொருள்களுக்கான அமெரிக்கத் தளம் எட்ஸியில் ஒரு பொருளைப் போட 20 அமெரிக்க சென்ட், அது நாலு மாதத்துக்குச் செல்லும்; விற்றால் 6.5 சதவீதம். வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவையும் சேர்த்தால் 120 ரூபாய்ப் பெட்டிக்குக் கட்டுபடியாகாது. விலை கூடிய நுணுக்க வேலை செய்பவர்கள் அங்கே போகலாம். வெளிமாநிலத்துக்கு விற்கும்போது ஜிஎஸ்டி பற்றிப் பலருக்குப் பயம். ஓலை, நார்ப் பின்னல் போன்று அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயப் பதிவிலிருந்து விலக்கு உண்டு, வருமான வரித் துறையின் பான் எண் இருக்கவேண்டும். உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை என்ன என்றால், என் நேரம். சந்தாவாகக் கொடுக்காத காசை ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பதிலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது மணிக்கு மேல் தானாகப் போகும் பதில் ஒன்றை வைத்தேன். பாதிப் பேர் அதையும் மீறிக் கூப்பிடுவார்கள். வியாபாரம் இன்னும் இரண்டு மடங்கானால் இந்த முறை தாங்காது. ஆனால் அதற்கு முன்னால் ஓலை தாங்காது. குருத்து வெட்ட மரம் ஏறுகிறவர்கள் எங்கள் பக்கம் இப்போது விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள்.

தோழிக்கு ஒரு வார்த்தை. உன் சட்டிக்குத் தேங்காய்க் கணக்கு ஒத்துவராது. எத்தனை பேருக்கு மீன் குழம்பு வைக்கலாம் என்று எழுது. பார்சலைப் பற்றி நேரில் பேசுவோம். என் பெட்டி நசுங்கினால் நிமிர்த்திவிடலாம், உன்னுடையது அப்படி இல்லை.