கடைமடைப் பையனுக்கும் பேட்டிங் வருமா?

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணையில் மலர் தூவுவார்கள். நாங்களோ தண்ணீர் இங்கே வந்து சேர எத்தனை நாள் ஆகும், முறை வைத்து விடுவார்களா, நம் வாய்க்காலுக்கு எந்தக் கிழமை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். பதினொரு வயது மகனை விளையாட எங்கே அனுப்புவது என்று யோசித்தபோதும் அதே கணக்குதான் மனதில் ஓடியது. கடைசியில் நிற்பவனுக்கு எப்போது வரும்?

வழி மூன்று இருந்தது. டவுனில் காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் கிரிக்கெட் அகாடமி, ஊர் அண்ணன்மாரின் டோர்னமென்ட் அணி, அப்புறம் நாலைந்து பெற்றோர் சேர்ந்து ஞாயிறு காலையில் நடத்தும் எங்கள் குட்டி லீக். மூன்றிலும் அவனை விட்டுப் பார்த்தாயிற்று.

அகாடமியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கோச் கெட்டிக்காரர். பேட்டை எப்படிப் பிடிப்பது, முன்காலை எங்கே வைப்பது என்று அவர் பத்து நாளில் திருத்தியதை என்னால் பத்து வருடத்திலும் செய்திருக்க முடியாது. ஸ்டிச் பால், பேடு, ஹெல்மெட், சிமென்ட் பிட்ச் எல்லாம் உண்டு. ஆனால் நெட் ஒன்று, பையன்கள் முப்பது பேர். பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, பத்துப் பன்னிரண்டு பந்து ஆடிவிட்டு இருட்டிய பிறகு வீடு வருவான். மூன்று மாதத்தில் ஒரு மேட்ச்கூட இல்லை. “இன்னைக்கு யார் ஜெயிச்சாங்க?” என்று அவன் பாட்டி கேட்டால் சொல்ல அவனிடம் பதில் கிடையாது.

டோர்னமென்ட் அப்படியில்லை, அங்கே ஆட்டத்துக்குக் குறைவே இல்லை. ஃப்ளெக்ஸ், மைக் வர்ணனை, ஆறு ஓவர் மேட்ச், முதல் பரிசு யார் உபயம் என்ற அறிவிப்பு. பார்க்க இதைவிட ஜாலியான விஷயம் எங்கள் பக்கம் வேறு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு, பரிசுப் பணத்தை மனதில் வைத்து ஆடுகிற அணி சின்னப் பையன் கையில் பேட்டைக் கொடுக்குமா? ஆறு ஓவரில் மூன்றாவது ஆளுக்கே பந்து மிஞ்சுவதில்லை. என் மகன் கருவை மரத்தோரம் நின்று பந்து பொறுக்கினான். நம் தெரு விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்போமே, அதே வேலை. இங்கே ஜெர்சி கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது வழிக்கான யோசனை அமெரிக்கப் பேஸ்பாலிலிருந்து வந்தது. பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தன் சொந்தக்காரப் பிள்ளைகள் மாதிரியான சின்னப் பையன்களுக்காக 1939-இல் மூன்று அணிகளோடு தொடங்கியது லிட்டில் லீக். பால் கம்பெனி, மர வியாபாரம் என்று உள்ளூர்க் கடைக்காரர்கள்தான் செலவை ஏற்றார்கள். பெரியவர்கள் ஆட்டத்தில், அடித்தவன் ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. அவர் அதை 60 அடியாகச் சுருக்கினார். மைதானத்துக்கு ஏற்பப் பையன் வளரட்டும் என்று காத்திருக்கவில்லை. நாங்களும் 22 கஜப் பிட்ச்சை 16 ஆக்கினோம், பந்து முதல் முறையாக ஸ்டம்ப் வரைக்கும் நேராகப் போனது.

பேஸ்பாலையே ஆடலாமே என்று ஒரு பி.டி. சார் சொன்னார். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு கிளவ்ஸ் வேண்டும். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு ஒரு பேட் போதும். அதனால் பந்தும் மட்டையும் நம்முடையது, முறை மட்டும் அவர்களுடையது என்று முடிவானது.

அந்த முறைதான் விஷயம். கிரிக்கெட்டில் நன்றாக ஆடுகிறவன் அவுட்டாகும்வரை ஆடுவான், மற்றவர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டானால் பேட்டிங் அடுத்த அணிக்குப் போகும். மறுபடி ஆட வரும்போது விட்ட இடத்துக்கு அடுத்த ஆள்தான் வரவேண்டும். எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் வரிசை சுற்றி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எங்கள் விதியும் அதுதான்: ஆளுக்கு ஆறு பந்து, மூன்று அவுட்டில் மாற்றம், வரிசை எங்கே நின்றதோ அங்கிருந்து தொடர்ச்சி. பேட் வைத்திருப்பவனுக்கு முதல் பேட்டிங் என்ற பழைய சட்டத்தை ஒழிக்கத்தான் பெரும்பாடு பட்டோம். பந்து வீசுவதற்கும் வரம்பு உண்டு. லிட்டில் லீக்கில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. எங்களுக்கு மூன்று ஓவர்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் வருடம் தெருவுக்கு ஒரு அணி என்று பிரித்தோம். நம் ஊர்களில் தெரு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது ஞாயிறே மைதான ஓரத்தில் பெரியவர்கள் தனித்தனிக் கும்பலாக நின்றார்கள். லிட்டில் லீக்குக்கும் இந்தக் கறை உண்டு. 1955-இல் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனைச் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளின் அணியோடு ஆட மறுத்து வெள்ளையர் அணிகள் எல்லாம் விலகின. எதிரி இல்லாமல் ஜெயித்தீர்கள் என்று காரணம் காட்டி, அந்தப் பிள்ளைகளை வில்லியம்ஸ்போர்ட் இறுதிச் சுற்றில் ஆடவிடவில்லை, விருந்தாளியாக உட்கார்ந்து பார்க்கத்தான் விட்டார்கள். “விளையாட விடுங்கள்” என்று கூட்டம் கத்தியும் பயனில்லை. லீக் என்று பெயர் வைத்தால் மட்டும் எல்லாருக்கும் இடம் வந்துவிடாது. மறு வருடம் சீட்டுக் குலுக்கிப் போட்டு அணி பிரித்தோம். இரண்டு வீட்டில் பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து பையன் தானாகவே திரும்பி வந்துவிட்டான்.

பெண் பிள்ளைகளையும் அதே குலுக்கலில் சேர்த்தோம். அமெரிக்காவில் வழக்காடித்தான் 1974-இல் கதவு திறந்தது. இங்கே ஒரு அப்பாயி இரண்டு வாரம் முணுமுணுத்தார், அதோடு சரி.

எங்கள் லீக்கின் ஓட்டைகளையும் மறைக்கவில்லை. நுணுக்கம் சொல்லித்தர ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்த பந்துவீச்சு என்னோடு போகட்டும். நடத்துகிற இருவரில் ஒருவர் வெளியூர் போனால் அந்த வாரம் ஆட்டம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் தண்ணீர். சம்பா அறுத்த வயலில் ஆடலாம் என்றால் அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள், கால் வைக்க முடியாது. மிச்சம் கோயில் திடல் ஒன்றுதான், அதிலும் நெல் காயும்.

இத்தனைக்கும் பிறகு பன்னிரண்டு வயது வரைக்கும் என் ஓட்டு லீக்குக்குத்தான். அதற்கு மேல் பிள்ளைக்கே வெறி இருந்தால் அகாடமிக்கு அனுப்புங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பிடுங்காதீர்கள். டோர்னமென்டைக் கடலை கொறித்துக்கொண்டே பார்க்கலாம்.

இப்போது திடலில் கொள்முதலுக்காக நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். போன ஆட்டம் ஏழாவது ஆளோடு நின்றது. சனிக்கிழமைக்குள் லாரி வந்து மூட்டையை எடுத்துவிட்டால், ஞாயிறு காலை ஆறரைக்கு எட்டாவது ஆள் பேட் பிடிப்பான்.