கொலியூரா, கடாக்கேஸா?

பிரனீஸ் மலை மத்தியதரைக் கடலில் இறங்கும் இடத்தில் கட்டலான் பண்பாடு கொண்ட இரண்டு ஊர்கள்: பிரான்ஸ் பக்கம் கொலியூர், ஸ்பெயின் பக்கம் கடாக்கேஸ். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் கொலியூரைத்தான் சொல்வேன்.

பிரான்ஸ் நகரமான பெர்ப்பின்யானிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் கொலியூர் வந்துவிடலாம். கடாக்கேஸுக்கு ரயில் கிடையாது. மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலைதான். குமட்டல் வருபவர்கள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொலியூரில் அலை தொடும் கோட்டை, ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்த தேவாலய மணிக்கோபுரம், உப்பிட்ட நெத்திலி. 1905 கோடையில் மத்தீஸும் தெரேனும் இங்கே தீட்டிய ஓவியங்களிலிருந்துதான், கண்ணைப் பறிக்கும் நிறங்களைக் கொண்ட ஃபாவிசம் என்ற ஓவிய இயக்கம் பிறந்தது. எனக்கு அதைவிட நெருக்கமானது ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கல்லறை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவின் படை நெருங்க, வயதான தாயோடு எல்லை தாண்டி வந்தவர் ஒரு மாதத்துக்குள், 1939 பிப்ரவரி 22 அன்று இங்கே இறந்தார். மூன்றே நாளில் தாயும் போய்விட்டார். இன்றும் கவிஞருக்குக் கடிதம் எழுதிக் கல்லறையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, கடாக்கேஸ்? வெள்ளைச் சுவர்கள், கல் பதித்த செங்குத்தான சந்துகள். பக்கத்துப் போர்ட் லிகாட்டில், மீனவர் குடிசைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து ஓவியர் சால்வடோர் டாலி அமைத்த வீடு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அப்புறம் கிரேயுஸ் முனையில் காற்று குடைந்த பாறைகள். இதையெல்லாம் பார்க்க ஓர் இரவாவது தங்க வேண்டும்.