கும்பகோணத்தில் அறை என்று பணம் வாங்கித் தஞ்சாவூரில் இறக்கிவிட்டார்கள்: ஓர் எச்சரிக்கை

காவிரிப் படுகையின் கோயில்களைப் பார்க்கக் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் போகலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் யோசிப்பது, தஞ்சாவூரில் தங்குவதா, கும்பகோணத்தில் தங்குவதா என்பதைத்தான். இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் என்பதால், எங்கே தங்கினாலும் ஒன்றுதான் என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வதைப் பலரும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த 40 கிலோமீட்டரைக் கொண்டே வாடிக்கையாளரிடம் பணம் கறக்க முடியும் என்பதை எங்கள் குடும்பம் அண்மையில் நேரில் கண்டது. நிறுவனத்தின் மீது கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே முறையில் வேறு சிலரும் ஏமாந்திருப்பதாக அறிந்ததால், நடந்ததை விரிவாகப் பதிவு செய்வது கடமை என்று கருதுகிறேன்.

நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். என் பெற்றோர் இருவரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகியவற்றை நிதானமாகப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பும் நாளில் மட்டும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போவது என்பது எங்கள் திட்டம். இந்தப் பட்டியலுக்குக் கும்பகோணம்தான் பொருத்தமான ஊர் என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. சுவாமிமலையும் திருநாகேஸ்வரமும் பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கங்கைகொண்ட சோழபுரம் அணைக்கரை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நவக்கிரகத் தலங்களைச் சுற்ற விரும்புவோருக்கும் இதே நிலைதான்: சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி ஆகியவை கும்பகோணத்துக்கு அருகில் உள்ளன, வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஆகியவை அதற்கும் கிழக்கே இருக்கின்றன. ஒன்பதில் திங்களூர் ஒன்றுதான் திருவையாற்றுப் பக்கம், தஞ்சைக்கு அருகில் உள்ளது.

தொலைவைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. இந்தக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடியும் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் வயதானவர்கள் அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டு, சிறிது படுத்து எழ வேண்டும். தங்கும் ஊர் அருகில் இருந்தால்தான் அது முடியும். இதையெல்லாம் நான் அந்த நிறுவனத்திடம் தொலைபேசியில் விளக்கமாகச் சொன்னேன். அவர்களும் மகாமகக் குளத்துக்கு அருகிலுள்ள ஒரு விடுதியின் பெயரைக் குறிப்பிட்டு, கீழ்த்தளத்தில் மேற்கத்தியக் கழிப்பறையுடன் கூடிய இரண்டு அறைகள், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் அல்லது 100 கிலோமீட்டர் ஓடும் கார், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று எழுத்தில் விலைப்பட்டியல் அனுப்பினார்கள். கும்பகோணத்தில் தங்கினால் எங்கள் திட்டம் முழுவதும் அந்த 100 கிலோமீட்டருக்குள் அடங்கும். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டார்கள், செலுத்தினோம். பணம் போய்ச் சேர்ந்த பிறகு வந்த உறுதிச் சீட்டில், விடுதியின் பெயருக்கு அடுத்து "அல்லது அதற்கு இணையான விடுதி" என்ற சொற்கள் புதிதாக முளைத்திருந்தன. அன்றே அழைத்துக் கேட்டேன். "அது எல்லா வவுச்சர்லயும் வர்றதுதான் மேடம், உங்களுக்கு அதே ஹோட்டல்தான்" என்று உறுதி கூறினார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஜன சதாப்தி ரயில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகச் செல்கிறது. ரயில் திருச்சியைக் கடந்த பிறகு அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. "இன்னிக்கு முகூர்த்த நாள் மேடம், கும்பகோணத்துல எல்லா ரூமும் ஃபுல். தஞ்சாவூர்லயே இறங்கிடுங்க, அதே தரத்துல ரூம் போட்டிருக்கோம், வண்டி ஸ்டேஷன்ல நிக்குது" என்றார்கள். கார்த்திகை மாதத்து முகூர்த்த நாள் என்பது உண்மைதான். ஆனால் வாரங்களுக்கு முன்பே பணம் பெற்றுக்கொண்டு பதிவு செய்த அறை, முகூர்த்தத்தால் எப்படி நிறைந்துபோகும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. மாற்று ஏற்பாடு எதையும் செய்ய இயலாத அந்த நேரத்தை அவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பெட்டிகளோடும் பெற்றோரோடும் நண்பகலில் முன்பின் தெரியாத ஊரில் நின்று யாராலும் வாதாட முடியாது.

தஞ்சாவூரில் கொடுக்கப்பட்ட விடுதி, பெரிய கோயிலுக்கு அருகில்கூட இல்லை. புதிய பேருந்து நிலையத்தைத் தாண்டி, வல்லம் செல்லும் சாலையில் இருந்தது. அறைகள் இரண்டாம் மாடியில், மின்தூக்கி கிடையாது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த கட்டணப் பலகையில், எங்களுக்குத் தரப்பட்ட வகை அறைக்கு நாள் வாடகை 1,400 ரூபாய் என்று எழுதியிருந்தது. கும்பகோணத்து விடுதிக்காக எங்களிடம் வாங்கியது அறைக்கு 3,200 ரூபாய். இணையான விடுதி என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொருள் இதுதான். கீழ்த்தளத்தில் அறை கேட்டுப் பெறுவதற்குள் மூன்று மணிக்கு மேலாகிவிட்டது.

இனி, கார் கணக்கு. இதைப் படிப்பவர்கள் எதைக் கவனிக்காவிட்டாலும் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரயில் நிலையத்தில் வண்டியில் ஏறியபோது ஓட்டுநர் வைத்திருந்த டிரிப் ஷீட்டில் தொடக்கக் கிலோமீட்டர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. வண்டியின் மீட்டர் காட்டிய எண்ணோ அதைவிட 41 கூடுதலாக இருந்தது. விசாரித்தபோது ஓட்டுநர், "இது கும்பகோணத்து வண்டிக்கா. ஷெட்டுலேர்ந்து ஷெட்டு வரைக்கும்தான் கணக்கு, ஓனர் அப்படித்தான் போடச் சொல்லியிருக்காரு" என்றார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இரண்டு நாளும் பொறுமையாகவும் அன்பாகவும் நடந்துகொண்ட மனிதர் அவர். கும்பகோணத்தில் தங்குவதாகச் சொல்லி ஏற்பாடு செய்த கும்பகோணத்து வண்டியை மாற்றாமல், எங்களை மட்டும் தஞ்சாவூருக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் தினமும் அந்த வண்டி எங்களை ஏற்றிக்கொள்ள வெறுமனே 40 கிலோமீட்டர் ஓடி வந்து, இரவில் எங்களை இறக்கிவிட்டு வெறுமனே 40 கிலோமீட்டர் திரும்பிப் போயிற்று. யாரும் அமராத அந்த ஓட்டம் முழுவதும் எங்கள் கணக்கில் ஏறியது. நாளுக்கு 100 கிலோமீட்டரில் 80 இப்படியே தீர்ந்துவிட்டால், மிச்சமுள்ள இருபதில் தஞ்சையிலிருந்து சுவாமிமலைக்குக்கூடப் போய்ச் சேர முடியாது.

முதல் நாள் 160 கிலோமீட்டர் ஆயிற்று, மறுநாள் 230. கூடுதல் கிலோமீட்டருக்கு மட்டும் 2,660 ரூபாய் கேட்டார்கள். பத்து மணி நேரத்தைத் தாண்டியதற்கு வேறு கட்டணம் சேர்த்தார்கள். கும்பகோணத்தில் தங்கியிருந்தால் இதில் ஒரு ரூபாய்கூட எழுந்திருக்காது.

பணத்தைவிட எனக்கு மனம் ஆறாத விஷயம் தாராசுரம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்த ஐராவதேசுவரர் கோயிலில், கருவறையைச் சுற்றிய வெளிச்சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பெரியபுராணத்தை ஆழ்ந்து படித்த என் அம்மா, பல ஆண்டுகளாக அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். குனிந்து, முகத்தை அருகில் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய சிற்பங்கள் அவை. தஞ்சாவூரிலிருந்து நான்கு மணிக்குப் பிறகு புறப்பட்டு, சுவாமிமலையின் அறுபது படிகளை அப்பா ஏறி இறங்கி, தாராசுரம் போய்ச் சேர்ந்தபோது கார்த்திகை மாதத்துப் பொழுது சாய்ந்துவிட்டது. கைப்பேசி விளக்கைப் பிடித்து நாலைந்து சிற்பங்களைத்தான் அம்மாவுக்குக் காட்ட முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு 70 கிலோமீட்டர் பயணம். இராசேந்திரன் எழுப்பிய அந்த விமானத்தையும் சண்டேச அனுக்கிரக மூர்த்தியையும் பார்த்து முடிப்பதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. மாலை நாலரை மணிக்கு இராகு காலத்தில் திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் காண வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் தஞ்சாவூர் போய்த் திரும்புவது நடக்காத காரியம். பெற்றோர் இருவரும் திருநாகேஸ்வரத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்திய காருக்குள்ளேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பணம் கட்டிய விடுதி அங்கிருந்து சில கிலோமீட்டரில்தான் இருந்தது.

அந்தக் காத்திருப்பின்போதுதான் கும்பகோணத்து விடுதியின் எண்ணைத் தேடி நானே அழைத்தேன். எங்கள் பெயரிலோ அந்த நிறுவனத்தின் பெயரிலோ எந்தப் பதிவும் வரவே இல்லை என்றும், வெள்ளிக்கிழமை மாலைவரை கீழ்த்தளத்தில் அறைகள் காலியாகத்தான் இருந்தன என்றும் அங்கிருந்த மேலாளர் சொன்னார். அவர் அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பி உதவினார். ஆக, முகூர்த்த நாளால் அறை கிடைக்கவில்லை என்பது பொய். எங்களிடம் வாங்கிய பணத்தில் அந்த அறையை அவர்கள் பதிவு செய்யவே இல்லை. விலை குறைந்த அறை எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊரில் எங்களை இறக்கியிருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். அடுத்த பயணத்துக்கு 1,500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகப் பதில் வந்தது, மறுத்துவிட்டேன். இணையவழியில் சேவை விற்பவர்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுப்பது, இணையவழி விற்பனையில் கூடாதவை என்று 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த ஏமாற்று வடிவங்களின் (dark patterns) பட்டியலிலுள்ள பதின்மூன்றில் ஒன்று. இவற்றைச் சுட்டிக்காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்த பிறகுதான் கூடுதல் கிலோமீட்டர் தொகையைத் திருப்பித் தந்தார்கள். அறை வாடகையின் வேறுபாட்டைத் தர இன்னும் மறுக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். தஞ்சாவூருக்கோ நிறுவனத்தின் தலைமையகத்துக்கோ அலைய வேண்டியதில்லை. சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் மாவட்ட ஆணையத்தில் அளிப்பதற்கான மனுவை இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறேன். டிரிப் ஷீட், வண்டியின் மீட்டர், விடுதியின் கட்டணப் பலகை ஆகியவற்றை அந்தந்த இடத்திலேயே கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தது பெரிதும் உதவுகிறது.

தஞ்சாவூரில் தங்கவே கூடாது என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். பெரிய கோயிலைக் காலையிலும் மாலையிலும் தனித்தனியே பார்க்க விரும்புவோருக்கும், அரண்மனை, சரசுவதி மகால் நூலகம், திருவையாறு, கல்லணை என்று திட்டமிடுவோருக்கும் அதுவே சரியான ஊர். அவர்களைக் கும்பகோணத்தில் கொண்டுபோய் இறக்கினாலும் இதே இழப்புதான். எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும், பணம் கட்டிய மறுநாளே விடுதியை நேரடியாக அழைத்து, உங்கள் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் கேளுங்கள். வண்டியின் கிலோமீட்டர், நீங்கள் ஏறும் இடத்திலிருந்தா, ஷெட்டிலிருந்தா என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள். ஊர் மாறினால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்ற ஒரு வரியையும் கேட்டு வாங்குங்கள். அதை எழுதித் தர மறுப்பவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.